முதல் கூடை மண்

இலுப்பப்பாக்கம்
12-5-1963

மரியாதைக்குரிய வாத்தியாரய்யாவுக்கு வேதகிரி கும்பிட்டு எழுதிக்கொண்டது. நானும் சிட்டம்மாளும் பிள்ளைங்களும் சௌக்கியமா கீறோம். நீங்க ரிட்டையராகி காஞ்சிபுரத்துல மக வூட்டுக்குப் போயி வர்ற ஆனியோட ரெண்டு வருசம் ஆவுது. உங்க ஸ்கூல் மணியைக் கேட்டுத்தான் இங்க அடுப்பு மூட்டுவாங்க. புது வாத்தியாரும் மணி அடிக்கிறாரு. அதைக் கேட்டு அடுப்பு மூட்டினா மத்தியானச் சோறுதான்.

விசயம் இன்னான்னா, நம்ம ஏரிக்கரையில, மதகுக்குத் தெற்கால பத்தடி தள்ளி ஒரு நண்டு வளை. பங்குனியில விரல் நுழையற மாதிரி இருந்துச்சு. இப்ப என் கால் முட்டி வரைக்கும் போவுது. மதகு பாக்கற என் மச்சான் கன்னியப்பன்தான் காட்டினான். வருசா வருசம் சித்திரையில வூட்டுக்கு ஓராளு வந்து கரைக்கு மண்ணு போடுவோமே, இந்த வருசம் அத நிறுத்திட்டோம். ஏன்னு கேளுங்க. நம்ம சேர்மன், தலைவர் தாண்டவராயன் அவர்கள், தானே வந்து முதல் கூடை மண் போட்டுக் கரை வேலைய ஆரம்பிச்சு வைக்கிறதா வாக்குக் குடுத்துட்டாரு! வைகாசி இருபது.

தலைவர் கை படறதுக்கு முன்னாடி அந்த ஓட்டையில யாரும் ஒரு பிடி மண்ணு போடக் கூடாதுன்னு கிளைச் செயலாளர் என்கிற முறையில நானே தண்டோரா போடச் சொல்லிட்டேன். நாம முன்னாடியே போட்டுட்டா அவரு போடறது ரெண்டாவது கூடையா ஆயிடாதா?

வரவேற்பு மடல் நீங்கதான் எழுதித் தரணும். போன தேர்தல்ல நீங்க எழுதிக் குடுத்த 'ஏழையின் விடிவெள்ளி' இன்னும் படிப்பகத்துச் சுவத்துல அழியாம கீது.

இப்படிக்கு,
உங்கள்
வேதகிரி


காஞ்சிபுரம்
18-5-1963

அன்பு நண்பர் வேதகிரிக்கு,

உங்கள் கடிதத்தைப் பேத்திக்குப் படித்துக் காட்டினேன். மணியும் அடுப்பும் வந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். இங்கே எனக்கு மணி அடிக்கும் வேலை இல்லை. மருமகனின் தறிச் சத்தத்தில்தான் விடிகிறது.

வரவேற்பு மடல் தனித் தாளில் இருக்கிறது. 'வறண்ட வயலுக்கு வாய்க்காலாய் வந்தவரே' என்று தொடங்கி, 'கரை உம்மால் நிற்கும், ஊர் உம் பின்னால் நிற்கும்' என்று முடித்திருக்கிறேன். கடைசி வரி அமைந்தவுடன் எனக்கே ஒரு சந்தோஷம். பென்ஷன்காரனுக்கு வேறு என்ன வேலை? சின்னராசுவைப் படிக்கச் சொல்லுங்கள், அவனுக்குத்தான் குரல் கனம்.

ஒன்று மட்டும். தேதி தள்ளிப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தலைவருக்காக நாம் காத்திருப்போம். நண்டு காத்திருக்குமா என்று தெரியவில்லை.

அன்புடன்,
ஜெகநாதன்


இலுப்பப்பாக்கம்
1-9-1963

வாத்தியாரய்யாவுக்கு வேதகிரி எழுதுவது.

கோவிச்சுக்காதீங்க, மூணு மாசமா எழுதல. மனசு சரியில்ல.

வைகாசி இருபது தலைவரால வர முடியல, மெட்ராஸுல கமிட்டி. அப்புறம் ஆனி கடைசின்னாரு. அன்னைக்கு வந்தாரு, ஆனா போட்டோக்காரர் வரல. 'போட்டோ இல்லாம போட்டா ஊருக்குத்தான் நஷ்டம், கலெக்டருக்கு எத காட்டறது?'ன்னு பச்சமுத்து சொன்னான். பச்சமுத்து யாருன்னா, தலைவரோட ஜீப்புல முன்னால குந்திகினு வர்றவன். ஆடியில நல்ல காரியம் ஆகாது. ஆவணியும் பாதி போயிடுச்சு. குஞ்சம் கட்டி மஞ்ச பூசின கூடை படிப்பகத்துல தொங்குது. குஞ்சத்த எலி தின்னுடுச்சு, சிட்டம்மாள் வேற கட்டிக் குடுத்தா.

போன வாரம் தலைவர் கூட்டம். 'ஓலையில பேரெழுதிக் குடத்துல போட்டு ஆளைத் தேர்ந்தெடுத்த உத்திரமேரூர் மண்ணு இது, உலகத்துக்கே ஓட்டுப் போடச் சொல்லிக் குடுத்த மண்ணு'ன்னு பேசினாரு. கை தட்டினோம். அப்ப கன்னியப்பன் எழுந்து நின்னான்.

'தலைவரே, ஓட்டை என் இடுப்பு அளவு ஆயிடுச்சு. நீங்க வர்ற வரைக்கும் மழைய நிக்கச் சொல்லட்டா?'

நாலு பேரு சிரிச்சுட்டாங்க. தலைவரும் சிரிச்சாரு, ஆனா கண்ணு சிரிக்கல. 'யார்றா அவன்? எவன்கிட்ட காசு வாங்கினு வந்து பேசறான்?'ன்னு பச்சமுத்து கத்தினான். நான்தான் கன்னியப்பன் துண்டப் புடிச்சு இழுத்து, 'உக்கார்றா, பேஜார் பண்ணாத'ன்னு உக்கார வெச்சேன்.

வூட்டுக்கு வந்தா சிட்டம்மாள் ஆடறா. 'என் தம்பி இன்னா பொய்யா சொன்னான்? நீ போயி அந்த ஓட்டையில படுத்துக்க, உன் தலைவர் வந்து எழுப்புவாரு'ன்றா.

நீங்களே சொல்லுங்க. கூட்டத்துல கேக்கறதா அது? தனியா வந்து கேக்கலாமில்ல?

இப்படிக்கு,
வேதகிரி


காஞ்சிபுரம்
8-9-1963

அன்பு நண்பர் வேதகிரிக்கு,

நியாயம் கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்த நியாயம் எல்லாம் வகுப்பறையில் நடந்ததுதான். அதையே சொல்கிறேன்.

நான் உங்கள் ஊருக்கு வந்த புதிதில் ஒருநாள், கரும்பலகையில் ஏழெட்டு ஐம்பத்து நாலு என்று எழுதிவிட்டேன். ஞாபகப் பிசகு. நாற்பது பிள்ளைகளும் சிலேட்டில் ஐம்பத்து நாலு என்றே எழுதினார்கள். வாய்ப்பாட்டைப் பாட்டாகவே பாடுகிற பிள்ளைகள் அவர்கள். வாய் ஐம்பத்தாறு என்று பாடுகிறது, கை ஐம்பத்து நாலு என்று எழுதுகிறது. கடைசி வரிசையில் எல்லப்பன் என்று ஒரு மந்தமான பையன். அவன் எழுந்து, 'ஐயா, ரெண்டு கொறையுது' என்றான். நான் என்ன செய்தேன் தெரியுமா? 'உட்கார்' என்றேன். பிள்ளைகள் எல்லோரும் சிரித்தார்கள்.

அன்று மாலையே பிசகு தெரிந்தது. மறுநாள் திருத்தினேன். ஆனால் எல்லப்பன் அதற்குப் பிறகு கை தூக்கவில்லை. அந்த நாற்பது பேரை நான் குறை சொல்ல மாட்டேன். வாத்தியார்மேல் வைத்த மரியாதை அது. அந்த மரியாதைதான் என்னைக் கெடுத்தது. அவர்களில் பத்துப் பேராவது முணுமுணுத்திருந்தால் நான் திரும்பிப் பலகையைப் பார்த்திருப்பேன்.

உத்திரமேரூர்க் கோயில் சுவரில் இருக்கும் அந்தக் குடவோலைக் கல்வெட்டை நான் உட்கார்ந்து படித்திருக்கிறேன். யார் நிற்கலாம் என்பதைவிட யாரெல்லாம் நிற்கக் கூடாது என்பதுதான் அதில் நிறைய. அந்தப் பாதியைத் தலைவர் மேடையில் சொல்வதில்லை. நானும் நீங்களும் கேட்டதும் இல்லை.

புரட்டாசி பிறக்கப் போகிறது. நாளைக்கே பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு போய் அந்த ஓட்டையை அடைத்துவிடுங்கள். தலைவர் வரும்போது பக்கத்தில் நல்ல இடமாகப் பார்த்து ஒரு கூடை போடட்டும். போட்டோவில் ஓட்டையா தெரியப்போகிறது?

சிட்டம்மாளுக்கு என் ஆசி. அவள் சொன்னதில் தப்பில்லை.

அன்புடன்,
ஜெகநாதன்


இலுப்பப்பாக்கம்
20-9-1963

வாத்தியாரய்யாவுக்கு,

உங்க கடுதாசி வந்துச்சு. படிச்சேன்.

நீங்க சொல்றது கணக்கு. நான் சொல்றது டீ கிளாஸு.

ஐம்பத்தேழு தேர்தல் வேலைக்குத் தலைவர் சாலவாக்கம் வழியா நம்ம ஊருக்கு வந்தாரு. டீக்கடையில எங்க ஆளுங்களுக்குத் தனி கிளாஸ், கூரையில சொருகி வெச்சிருப்பாங்க. நாமளே எடுத்து, நாமளே கழுவி வைக்கணும். நான் அத எடுக்கப் போனேன். தலைவர் என் கையப் புடிச்சாரு. தான் பாதி குடிச்ச கிளாஸை என் கையில குடுத்து, 'குடி தம்பி'ன்னாரு. கடைக்காரன் பாத்துகினு நிக்கறான். ஊரே பாத்துகினு நிக்குது. மறுநாள்லேருந்து கூரையில கிளாஸ் இல்ல.

உங்க வூட்டுல எனக்கு வெண்கல டம்ளர்ல மோர் குடுத்தீங்க. நான் மறக்கல. ஆனா நீங்களும் இருபது வருசம் அந்தக் கடையில டீ குடிச்சீங்க. உங்க பேச்சுக்கு ஒரு கிளாஸ் மாறுச்சா?

அவரு போடறேன்னு சொன்னா போடுவாரு. நான் காத்திருப்பேன்.

வேதகிரி


இலுப்பப்பாக்கம்
19-11-1963

வாத்தியாரய்யாவுக்கு வேதகிரி எழுதுவது.

கரை உடைஞ்சுடுச்சு.

ஒன்பதாம் தேதி சனிக்கிழமை, விடாம மூணாம் நாள் மழை. காலையில பத்து மணிக்கு எருமை கத்தறாப்போல ஒரு சத்தம். அதே எடம். போயி பாக்கறதுக்குள்ள இருபதடி வாய் பொளந்துடுச்சு. கீழ் வயக்காடு முழுக்க மணலு. கதிர் வாங்கற நேரம். எங்க தெருவுல ஏழு வூட்டு மண்சுவரு கரைஞ்சு போச்சு, என்னுதும் அதுல ஒண்ணு. உயிர்ச் சேதம் இல்ல. கன்னியப்பன் தெருத் தெருவா ஓடி, எல்லாரையும் மாரியம்மன் கோயில் மேட்டுக்கு ஏத்திவுட்டான். படிப்பகமும் போச்சு. கூடையும் போச்சு.

தலைவர் பன்னெண்டாம் தேதி வந்தாரு. மேட்டுல நின்னு பேசினாரு. 'இரும்பு மாதிரி இருந்த கரை தானா உடையாது. நமக்கு நல்ல பேரு வரக் கூடாதுன்னு எதிரிங்க ஆள வுட்டு வெட்டியிருக்காங்க. மதகு சாவி யாருகிட்ட இருந்துச்சு?'ன்னு கேட்டாரு. பச்சமுத்து கன்னியப்பன் பேரச் சொன்னான். பக்கத்துல இருந்தவனும் சொன்னான். அப்புறம் ஊரே சொல்லுது. ஓட்டையே இல்லன்னு சொல்லுது. தண்டோரா போட்டவனே தண்டோரா போடலன்றான்.

அதையே மனுவா எழுதிக் கையெழுத்து வாங்கினாங்க. முதல் கையெழுத்து கிளைச் செயலாளர்.

கன்னியப்பன போலீஸ் இட்டுகினு போயிடுச்சு. போகச்சொல்ல என்னைத் திரும்பிப் பாத்தான். சிட்டம்மாள் அவ அம்மா வூட்டுக்குப் போயிட்டா.

தலைவர் சொன்னா ஏதாவது இருக்கும், இல்லீங்களா? நமக்குத் தெரியாத விசயம் அவருக்குத் தெரிஞ்சிருக்கும், இல்லீங்களா?

வேதகிரி


காஞ்சிபுரம்
25-11-1963

அன்பு நண்பர் வேதகிரிக்கு,

உங்கள் வீடு போன செய்தி என்னை உலுக்கிவிட்டது. பிள்ளைகளுக்குத் துணிமணிகளும் இரண்டு போர்வைகளும் உத்திரமேரூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். வாங்கிக்கொள்ளுங்கள். என்மேல் கோபமிருந்தால் அதைப் போர்வைமேல் காட்டாதீர்கள்.

முதலில் டீ கிளாஸ். அதற்கு நான் பதிலே எழுதவில்லை. எழுத வெட்கமாக இருந்தது. நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. இருபது வருடம் அந்தக் கடைக்குப் போனேன். கூரையில் சொருகியிருந்ததை இருபது வருடமும் பார்த்தேன். நமக்கேன் வம்பு என்று என் கிளாஸைக் குடித்துவிட்டு வந்தேன். தாண்டவராயன் அன்று செய்தது பெரிய காரியம். அதை யாரும் அவரிடமிருந்து பிடுங்க முடியாது. நானும் பிடுங்க மாட்டேன்.

ஆனால் வேதகிரி, அந்த கிளாஸை அவர் உங்கள் கையில் கொடுத்தது எதற்கு? எல்லோரோடும் சமமாக நின்று குடிக்கத்தானே? சமமாக நிற்கிறவனுக்கு வாயும் உண்டு. அன்று டீ குடித்த வாயால் ஒரு கேள்வி கேட்கக் கூடாது என்றால், கிளாஸ் மறுபடியும் கூரைக்குப் போய்விட்டது என்றுதான் அர்த்தம். கன்னியப்பன் ஒருவன்தான் அதைக் கூட்டத்தில் இறக்கி வைத்தான். நாம் அவன் துண்டைப் பிடித்து இழுத்தோம்.

நாம் என்றுதான் சொல்கிறேன். துண்டை இழுத்தது நீங்கள். 'கரை உம்மால் நிற்கும்' என்று எழுதியது நான். கரை யாரால் நிற்கும்? சித்திரையில் வீட்டுக்கு ஒருவராகப் போடும் மண்ணால் நிற்கும். இது தெரிந்தும் எழுதினேன். சொல் அழகாக விழுந்தது என்று எழுதினேன். அவரைக் கெடுத்ததில் எனக்கும் பங்கு உண்டு. நாள்தோறும் மாலை விழும் கழுத்து எப்படித் திரும்பிப் பார்க்கும்?

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதங்கள் எல்லாமே இந்த உறையில் இருக்கின்றன; மேலே இருப்பது மே மாதக் கடிதம். எடுத்துப் படியுங்கள். முட்டி வரைக்கும் கால் போன ஓட்டை அதில் இருக்கிறது. தண்டோரா இருக்கிறது. தேதி இருக்கிறது, தபால் முத்திரை இருக்கிறது, உங்கள் கையெழுத்து இருக்கிறது. ஊரே இல்லை என்று சொல்லும் ஒன்று, இருந்தது என்பதற்கு நீங்கள் கண்ணால் பார்த்து எழுதிய இந்த ஒரு தாள்தான் மிச்சம்.

இதை நானே தாசில்தாரிடம் கொடுக்கலாம். இரண்டு நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். ஒரு மனிதன் சிறையில் இருக்கும்போது தயங்குவது சரியா என்று மகள்கூடக் கேட்டாள். சரியா என்று எனக்கும் தெரியவில்லை. விசாரணைக்கு நான் வருவேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன், என்ன எழுதினீர்கள் என்பதையும் சொல்வேன். ஆனால் இந்தத் தாள் உங்களுடையது. உங்களைக் கேட்காமல் எடுத்து நீட்டினால், உங்களுக்குப் பதிலாக நான் யோசித்ததாக ஆகும். இத்தனை நாளும் உங்களுக்குப் பதிலாக இன்னொருவர் யோசித்ததுதானே இந்த வினை?

நகல் எடுத்து வைக்கவில்லை. அடுப்பில் போட்டீர்கள் என்றால் அதோடு போயிற்று.

தலைவருக்குத் தெரிந்த ஏதோ ஒன்று நமக்குத் தெரியாமல் இருக்குமோ என்று கேட்டீர்கள். அந்த ஓட்டையில் கால் விட்டுப் பார்த்தது அவரா, நீங்களா?

அன்பு மாறாத,
ஜெகநாதன்


காஞ்சிபுரம்
6-12-1963
(கார்டு)

அன்பு நண்பருக்கு,

பதில் இல்லை. போர்வை கிடைத்ததா? விசாரணை வருகிற 11-ஆம் தேதி புதன்கிழமை, உத்திரமேரூரில் அதிகாரிகள் தங்கும் முசாபரி பங்களாவில் என்று தகவல் வந்தது. காலை பஸ்ஸில் வருவேன். நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் இந்த விலாசம் மாறாது.

ஜெகநாதன்


இலுப்பப்பாக்கம்
27-1-1964

வாத்தியாரய்யாவுக்கு வேதகிரி எழுதிக்கொண்டது.

ஒன்றரை மாசம் ஆயிடுச்சு. இன்னா நினைச்சிருப்பீங்கன்னு தெரியும். போர்வை அன்னைக்கே கிடைச்சுது.

பதினோராம் தேதி நீங்க சாட்சி சொல்லிட்டு வெளிய வந்தீங்க. பச்சமுத்து ஆளுங்க உங்கள 'பென்ஷன் கிழவா, ஊருக்குப் போய் நூலு சுத்து'ன்னு கேலி பண்ணாங்க. நீங்க குடைய விரிச்சுகினு மூணு மணி பஸ்ஸுக்கு நடந்து போனீங்க. நான் புளியமரத்துக்குப் பின்னால நின்னுகினு இருந்தேன். கடுதாசி பனியனுக்குள்ள. உங்க மூஞ்சியப் பாக்கத் தைரியம் இல்ல.

நீங்க போனப்புறம் உள்ள போனேன். தலைவர் அங்க நாற்காலியில உக்காந்திருந்தாரு. என்னப் பாத்ததும், 'வா தம்பி'ன்னாரு. அதே கொரலு. டீக்கடையில கேட்ட அதே கொரலு. என் காலு அங்கயே நின்னுடுச்சு. அவரு திட்டியிருந்தா சுளுவா இருந்திருக்கும்.

கடுதாசிய தாசில்தார்கிட்ட குடுத்தேன். ரெண்டு தபா படிச்சாரு.

'இது உன் கையெழுத்தா?'

'ஆமாங்க.'

'மனுவுல இருக்கறதும் உன் கையெழுத்துதானே? அதுல ஓட்டையே இல்லன்னு சொல்லியிருக்க. எது நெசம்?'

'மனு தலைவர் சொன்னது. கடுதாசி நான் பாத்தது.'

அவ்வளவுதான் சொன்னேன். வெளிய வர்றதுக்குள்ள 'துரோகி'ன்னு கத்தறாங்க. அதுல பாதிப் பேரு என் கூட அந்த ஓட்டைய எட்டிப் பாத்தவங்க. தலைவர் எழுந்திருக்கல. என்னப் பாக்கவும் இல்ல.

கன்னியப்பன மறு வாரம் வுட்டுட்டாங்க. சிட்டம்மாள் வந்துட்டா. பேச ஆரம்பிக்கல, ஆனா சோறு போடறா. என்னைக் கிளைச் செயலாளர்லேருந்து எடுத்துட்டாங்க. டீக்கடையில தனி கிளாஸ் இல்ல. நான் போயி குந்தினா பெஞ்சு காலியாவுது, அம்மாம் பெரிய பெஞ்சும் எனக்கே.

பொங்கல் கழிச்சு நானும் கன்னியப்பனும் கரைக்கு மண்ணு சுமக்க ஆரம்பிச்சோம். மூணாம் நாள் சின்னராசு கூடையோட வந்தான், மடல் படிக்க வெச்சிருந்தோமே, அவன்தான். அப்புறம் ஒருத்தர் ஒருத்தரா முப்பது பேரு. பகல்ல மண்ணு போட்டுட்டு, சாயங்காலம் டீக்கடையில எனக்கு முதுகு காட்டிகினு குந்தறவனும் அதுல உண்டு. கன்னியப்பன் எங்கிட்ட இன்னும் நேரா பேசறதில்ல. 'அந்தாளு கூடைய இப்படித் தரச் சொல்லு'ன்னு பக்கத்துல இருக்கறவன்கிட்ட சொல்றான். நான் தர்றேன். பத்து நாள்ல உடைப்ப மூடிட்டோம். எவன் முதல் கூடை போட்டான்னு கேட்டா, சத்தியமா எனக்கு ஞாபகம் இல்ல.

நேத்து குடியரசு தினம். தலைவர் வந்தாரு. போட்டோக்காரரும் வந்தாரு. மூடி முடிச்ச கரை மேல புதுக் கூடையில ஒரு கூடை மண்ணு கொட்டினாரு. ஊரே கை தட்டுச்சு. மண்ணு சுமந்த முப்பது பேருல இருபது பேரும் தட்டினாங்க.

என் கையும் மேல வந்துச்சு ஐயா. பொய் சொல்லல. அதுவா வந்துச்சு. ஏழு வருசப் பழக்கம். பக்கத்துல நின்ன கன்னியப்பன் என் கையப் பாத்தான். நானும் பாத்தேன். உள்ளங்கையில தோல் உரிஞ்சு, காயாத மண்ணு. எறக்கிட்டேன்.

'மச்சான், தண்ணி குடிக்கிறியா?'ன்னு கேட்டான். என்னத்தான் கேட்டான்.

நீங்க திருப்பி அனுப்பின கடுதாசி தாசில்தார் கட்டோட போயிடுச்சு. உங்ககிட்ட என் கையெழுத்து இல்லாம இருக்க வேணாம். அதுக்குப் பதிலா இத வெச்சுக்குங்க.

இப்படிக்கு,
இலுப்பப்பாக்கத்தில் குடியிருக்கும்
வேதகிரி